தூரத்துக் கெய்ரோவும் பக்கத்துத் தெருவும்

காலையில் செய்தித்தாளை மடித்து வைக்கும்போதெல்லாம் நமக்கு ஓர் அயர்வு வந்துவிடுகிறது. உலகத்துச் சங்கதிகள் அனைத்தும் அதில் இருக்கின்றன. நம் தெருவில் மட்டும் எதுவுமே நடப்பதில்லை போலும்! இந்த அயர்வோடுதான் சென்ற மாதம் இரு நாவல்களை அடுத்தடுத்து மறுமுறை படித்தோம். ஒன்று, கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்'. மற்றொன்று, 1988இல் நூலாக வந்த தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. இடையே நூற்று மூன்று ஆண்டுகள்.

'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்து ஆறே ஆண்டுகளில் ஒரு முஸ்லிம் அறிஞர் நாவல் எழுதினார் என்பதை நாம் மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். மகிழத் தக்கதுதான். ஆனால் அந்நாவலில் நாம் எங்கே இருக்கிறோம்? கெய்ரோவில் உயர்குடியில் பிறந்த குழந்தை கடத்தப்படுகிறது, பம்பாயில் வளர்கிறது, வாலிபனாகிக் கல்கத்தா சேர்கிறது, பின்னர் பிறப்பின் இரகசியம் வெளிப்படுகிறது. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. கண்டியின் கடைத்தெருவுக்குத்தான் அதில் இடமில்லை.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. 1882இல் எகிப்தில் யுத்தம். தோல்வியுற்ற அரபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்து சேர்ந்தார். அதே 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பைக்கும் அவர் வாசகர்களுக்கும் எகிப்து அன்றாடச் செய்தியாக இருந்தது. செய்தியில் இருந்த ஊர் கதைக்குள்ளும் வந்துவிட்டது.

தம் தெருவை அவர் அறியாதவர் அல்லர். முஸ்லிம் பிள்ளைகள் மார்க்கக் கல்வியோடு நவீனக் கல்வியும் பெற வேண்டுமென்று உழைத்தார், எதிர்ப்புகளையும் சந்தித்தார். பிற்காலத்தில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த கொழும்பு மதரசா 1892இல் தோன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அந்தப் போராட்டமே ஒரு நாவல். அதை அவர் எழுதவில்லை.

எழுதியவர், வேறொரு கரையில், மீரான். திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்துக் கடலோர ஊர். அங்கே ஆங்கிலப் பள்ளி வருவதை ஒப்பாத ஒரு முதலாளி. அவர் சொல்லுக்குத் தலையாட்டும் ஜமாஅத்தார். சித்திலெப்பை பத்திரிகையில் வாதாடிய விஷயம், இங்கே மனிதர்களாக நடமாடுகிறது. முதலாளியை நாம் வெறுக்கிறோம். ஆயினும் அவருடைய வீடு சரியும்போது நெஞ்சில் ஏதோ கனக்கிறது. வாதத்தால் இது கூடாது, கதையால்தான் கூடும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையாளத்தில் கல்வி கற்ற மீரான், தமிழ்க் கதையை மலையாள எழுத்தில் எழுதிப் பிறரைக் கொண்டு தமிழ் எழுத்தில் பெயர்க்கச் செய்தவர். இதை அறிந்தபோது நம் பாட்டியார் நினைவுக்கு வந்தார். தமிழ் எழுத்து ஒன்றும் அறியாத அவர், அரபுத் தமிழ்க் கிதாபுகளை மாலை வேளைகளில் இராகத்தோடு வாசிப்பார். ஊரார் கணக்கில் அவர் படிக்காதவர்! குமரிக் கடற்கரையின் பேச்சு முதலில் நம்மைச் சற்றுத் தடுக்கத்தான் செய்கிறது. இருபது பக்கம் பொறுத்தால் காது பழகிவிடும்.

குறையொன்று உண்டு. மீரான் தம் பெண்களின் துயரத்தைக் காண்கிறார்; அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதை அதிகம் கேட்கவில்லை. அந்தக் கதவு திறக்க, 2004இல் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வர வேண்டியிருந்தது.

வீட்டுச் சங்கதியை வீதிக்குக் கொண்டு வந்துவிட்டார் என்று அப்போது நம்மிடம் வருத்தப்பட்டார் நண்பர் ஒருவர். மீரானைப் பற்றியும் முன்பு அதையே சொன்னவர் அவர். 'அசன்பே சரித்திர'த்தை மட்டும் குறை சொன்னதில்லை, படித்ததும் இல்லை. சென்ற வாரம் இரு நூல்களையும் அவரிடம் கொடுத்து வந்தோம். மீரானைப் பேத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். அசன்பே இன்னும் மேசைமேல்தான் இருக்கிறதாம்.