சீருடைக்கு மேலே ஒரு முகம்

ராணுவ உடையில் ஒருவரை வரைவது ஓவியருக்குப் பெரிய வசதி. பதவி, நாடு, வென்ற போர்கள் அத்தனையையும் துணியும் பதக்கமும் சொல்லிவிடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது: எல்லாவற்றையும் சீருடையே பேசிவிட்டால் முகத்துக்கு வேலையில்லாமல் போகிறது.

ழாக் லூயி டாவீத் 1812-இல் வரைந்த நெப்போலியனைப் பாருங்கள். கடிகாரத்தில் மணி 4:13. மெழுகுவர்த்திகள் எரிந்து தேய்ந்திருக்கின்றன, மேசையில் சட்டத்தொகுப்பு. கிரீடமோ அங்கியோ இல்லாமல், காவல்படைக் கர்னலின் உடையில், சுருங்கிய காலுறைகளோடு பேரரசர் நிற்கிறார். நாட்டுக்காக விடிய விடிய உழைக்கும் படைவீரர் என்பதே செய்தி. டாவீதின் கைத்திறன் அபாரம். ஆனால் அந்த முகத்தில் களைப்பு இல்லை, ஐயமும் இல்லை. அதே ஆண்டு ருஷ்யாவில் அவருடைய படையின் பெரும்பகுதி அழிந்தது. டாவீதுக்கு அது முன்கூட்டித் தெரிந்திருக்க வழியில்லைதான். என்றாலும், சீருடைக்குள் ஒரு மனிதன் இருக்கிறானா என்று அவருடைய தூரிகை தேடவே இல்லை.

அதே 1812-இல், மாட்ரிட்டுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனை ஸ்பானிய ஓவியர் கோயா வரைந்தார். சிவப்புச் சீருடை, மார்பு நிறைய நட்சத்திர விருதுகள். புதிய விருதுகள் வரவர, கோயா படத்தைத் திருத்தி அவற்றையும் சேர்த்தார். இந்த வேலை 1814 வரை நீண்டது. இந்த வகை ஓவியத்தின் பலவீனம் இதில் அப்பட்டமாகத் தெரிகிறது: உருவப்படம் விருதுப் பட்டியலாகிவிடுகிறது. ஆனால் பதக்கங்களை விட்டுக் கண்ணை மேலே உயர்த்துங்கள். அகன்ற கண்கள், சற்றே திறந்த உதடுகளுக்கிடையே தெரியும் பற்கள். தூக்கம் கெட்ட ஒரு மனிதர். வெற்றியின் பளபளப்பு முழுவதும் துணியோடு நின்றுவிடுகிறது. சீருடை எவ்வளவு மின்னுகிறதோ அவ்வளவுக்கு இந்தச் சோர்வு உறைக்கிறது. வெறும் சட்டையில் வரைந்திருந்தால் இது கிடைத்திருக்காது.

முதல் உலகப்போரின்போது ஜெர்மன் ஓவியர் கிர்ஷ்னர் தம்மையே சீருடையில் வரைந்தார். தோளில் 75 என்ற படைப்பிரிவு எண். வலக்கை மணிக்கட்டோடு வெட்டுண்டு கிடக்கிறது. உண்மையில் அவர் கை இழக்கவில்லை. மனம் உடைந்து பயிற்சிக் காலத்திலேயே விடுவிக்கப்பட்டவர். இதை மிகை என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது, வெட்டுண்ட கை கொஞ்சம் உரக்கவே பேசுகிறது. ஆனாலும் டாவீதின் குறையற்ற படத்தைவிட எனக்கு இதுவே பெரிது. ஒரு மனிதனிடமிருந்து சீருடை எதைப் பறிக்கும் என்று கேட்கிற துணிச்சல் இதில்தான் இருக்கிறது.