மேல்மாடி வீட்டின் வெக்கை

பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளுக்கு 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2022 மே 26 அன்று திறந்துவிட்டார்கள். இடையில் கொரோனா இரண்டாம் அலையும் வந்து போனது. ஒன்றிய அரசு ஆறு நகரங்களில் தொடங்கிய ‘லைட் ஹவுஸ்’ திட்டத்தின் சென்னைப் பகுதி இது. தூண், உத்தரம், தளம் ஆகியவற்றை முன்கூட்டியே வார்த்து, கிரேனால் தூக்கிப் பொருத்தும் முறை. சென்ட்ரிங் பலகை குறைவு, தண்ணீர் குறைவு, சிமென்ட் வீணாவதும் குறைவு. ஏழைகளுக்கான வீடு வருடக்கணக்கில் இழுபடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய சாதனைதான்; அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் வீடு கட்டச் செலவாகும் ஆற்றல் வேறு, அதில் ஐம்பது வருடம் குடியிருக்கச் செலவாகும் ஆற்றல் வேறு. முதல் கணக்கில் காட்டிய அக்கறையை நம் அரசுக் குடியிருப்புகள் இரண்டாம் கணக்கில் காட்டுவதில்லை.

கத்திரி வெயிலில் கடைசி மாடி வீட்டுக்குள் ராத்திரி பத்து மணிக்கு நுழைந்து பாருங்கள். பகலெல்லாம் காய்ந்த காங்கிரீட் தளம் அந்நேரத்தில்தான் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி அந்த வெக்கையைத்தான் கீழே தள்ளும். 2018இல் வெளிவந்த ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு 1.2 வாட்டுக்கு மேல் கடக்கக் கூடாது என்கிறது. மேலே எதுவும் பதிக்காத தளத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகக் கடக்கும். சென்னையின் பழைய கொத்தனார்களுக்கு இதற்கு வழி தெரிந்திருந்தது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் அடித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். மழைத் தண்ணீரும் இறங்காது, வெயிலும் அவ்வளவு இறங்காது. இன்று அதே முறையைத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ போதும். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே வகுத்துவிட்டது.

வெள்ளைப் பூச்சுக்கும் குறை உண்டு. தூசி படிந்தால் பலன் குறையும்; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். பலன் பெரும்பாலும் கடைசி மாடிக்கு மட்டும். கீழே இருப்பவர்களுக்குக் காற்றுதான் மருந்து. அங்கேதான் வரைபடம் தவறுகிறது. நடுவில் நடைபாதை, இருபுறமும் வீடுகள் என்று அமைத்தால் ஒரு பக்கம் மட்டுமே சன்னல் கிடைக்கும். சாயங்காலம் கடற்காற்று வீசினாலும் உள்ளே வந்து வெளியேற வழியிருக்காது. இதைப் பின்னால் எந்தப் பூச்சாலும் சரிசெய்ய முடியாது என்பதால் இதைத்தான் ஆகப் பெரிய குறையாகக் கருதுகிறேன்.

காற்று வராத வீட்டில் மின்விசிறிதான் கதி. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 75 வாட் மின்விசிறி ஒன்று நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் அதில் 67 யூனிட் போய்விடும். சுமார் 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி என்ற சிக்கன விசிறிக்கு 27 போதும். வீட்டுச் சாவியோடு அப்படி இரண்டு விசிறியும் கொடுத்தால் என்ன?

இடத்தின் கணக்கும் இருக்கிறது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டவர்களில் பலருக்கு வேலை இன்னும் நகருக்குள்தான். விடியற்காலையில் பஸ் பிடித்து வீட்டுவேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணின் நேரத்தையும் கூலியையும் சேர்க்காமல், அந்த வீட்டை ஆற்றல் சிக்கனமானது என்று எப்படிச் சொல்வது? அங்குள்ள எட்டு அடுக்குக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் முதியவர்கள் படும் பாடு தனி.

அப்படியானால் நகருக்குள் இருக்கும், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழைய குடியிருப்புகளைச் செப்பனிட்டே காப்பாற்றிவிடலாமா? எல்லாவற்றையும் முடியாது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட தொகுதி சரிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. கம்பி துருப்பிடித்து உப்பேறிய கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது ஏமாற்று வேலை; அதை இடித்து, அதே இடத்தில், அதே மக்களுக்குக் கட்ட வேண்டும். ஆனால் எலும்புக்கூடு உறுதியாக நிற்கும் கட்டடத்தை இடிப்பது, அதற்குள் ஏற்கெனவே போட்ட சிமென்ட்டையும் இரும்பையும் குப்பையில் கொட்டுவது. எது எந்த வகை என்பதைப் பொறியாளர் சோதித்துச் சொல்லவும், அந்த அறிக்கையைக் குடியிருப்போர் படிக்கவும் வழி வேண்டும்.

வாரியத்துக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த டெண்டரில் வீட்டுக்கு எத்தனை ரூபாய் என்பதோடு, கூரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்தலாம், ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரெதிர்ச் சன்னல் உண்டா என்பதையும் எழுதுங்கள். உறுதியாக நிற்கும் பழைய குடியிருப்புகளின் மொட்டைமாடிகளுக்கு வரும் கோடைக்கு முன்பே வெள்ளைப் பூச்சு அடித்துவிடுங்கள்.