குழாய் நீலமாகவே நின்றது!

மீன் வளர்க்கிறவர்களிடம் எது அழகு என்று கேட்டால் டிஸ்கஸ் என்பார்கள், வாலை விசிறுகிற பேட்டா என்பார்கள். நான் ஒரு விரல் நீளச் சோதனைக் குழாயைக் காட்டுவேன். நைட்ரைட் சோதனைச் சொட்டு விழுந்து ஐந்து நிமிஷம் ஆகியும் உள்ளே இருக்கிற தண்ணீர் ஊதாவாக மாறாமல் வான நீலத்திலேயே நிற்கிறதே, அதற்கு ஈடான அழகை நான் பார்த்ததே இல்லை!

நினைத்துப் பாருங்கள். புத்தம் புதுத் தொட்டி, கழுவிய மணல், 26 டிகிரியில் ஹீட்டர், ஓயாமல் குமிழ் விடுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டர், உள்ளே ஒரு மீன்கூடக் கிடையாது. வீட்டுக்கு வருகிற எல்லோரும் "மீன் எங்கேப்பா?" என்கிறார்கள். நானோ தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடுகிறேன். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவைத் தரும். அது மீனின் செவுளை எரித்துவிடும். ஒருவகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட்டாக்கும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடும். இன்னொரு வகை வந்து அதை நைட்ரேட்டாக்கினால்தான் மீன் நிம்மதியாக மூச்சுவிடும். அந்த இரண்டாவது வேலையைத் தொட்டிகளில் செய்வது, எல்லோரும் நம்பியிருந்த நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைராதான் என்று 1998-இல் டிமதி ஹோவானெக் குழுவினர் காட்டினார்கள். அதைவிட ஆச்சரியம், இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்கிற நைட்ரோஸ்பைரா இருப்பது 2015-இல் தெரியவந்தது. அதில் ஒன்று கிடைத்ததே மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டியிலிருந்து! இதைப் படித்ததிலிருந்து இந்த பாக்டீரியாக்கள் குடியிருக்கிற அந்தக் கறுப்பு ஸ்பாஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அது கொஞ்சம் நீளம்தான், போகட்டும். முதலில் அம்மோனியாக் குழாய் மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போகும். தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுக்கும், பயப்படாதீர்கள், தானே தெளியும். அப்புறம் பச்சை மெல்ல மஞ்சளுக்குத் திரும்பும், நைட்ரைட் குழாய் கருஊதாவாகும், அந்த ஊதா அப்படியே அசையாமல் நிற்கும், தினம் ராத்திரி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன், இன்றைக்குக் கொஞ்சம் வெளிறியிருக்கிறதா, இல்லையா, இருக்கிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், ஒரு நாள் சொட்டு விட்டுக் குலுக்கி வைத்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், மூன்று நிமிஷம் நீலம், நாலு நிமிஷம் நீலம், ஐந்தும் ஆயிற்று, நீலம் நீலமாகவே நிற்கிறது, முந்தின நாள் போட்ட தீனி முழுக்க ஒரே நாளில் செரிக்கப்பட்டுவிட்டது, குழாயைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் ஓடினேன், தூங்கிக்கொண்டிருந்த தங்கச்சியை எழுப்பிக் கண்ணுக்கு நேரே நீட்டினேன். "என்னண்ணா இது, வெறும் நீலத் தண்ணி?" என்றாள். "அதான்டி விஷயமே, விஷம் போயிடுச்சு, இனிமே மீன் வரலாம்!" என்று கத்தினேன்!

விடிந்ததும் கொளத்தூர்! சென்னையில் வண்ண மீன் என்றாலே அந்தத் தெருக்கள்தான். கடைக்குக் கடை தொட்டிகள், ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகள், ஈர வாசனை. எதைப் பார்த்தாலும் வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் ஒரு சிறு கூட்டம் ஜீப்ரா டேனியோ மட்டும் வாங்கினேன். நம் நாட்டு ஆறுகளின் மீன், திடமானது. எத்தனை மீனோ அதற்கேற்பத்தான் பாக்டீரியா பெருகும், ஒரேயடியாகக் கொட்டினால் அதற்குத் திணறல். விளக்கை அணைத்துப் பையை இருபது நிமிஷம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விட்டேன். ஐயோ, அந்தப் பாய்ச்சலைப் பார்த்திருக்க வேண்டும்! துடுப்பெல்லாம் விரிந்து, ஃபில்டர் ஓட்டத்தை எதிர்த்து நீலக் கோடுகள் சீறிக்கொண்டு போயின. மேல்பரப்புக்கு வந்து வாயைப் பிளந்து தவிக்கவில்லை, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கவில்லை. ஆரோக்கியத்தைக் கண்ணால் பார்த்தேன்!

இப்போது தனித் தொட்டியில் நியான் டெட்ராக்கள் இருக்கின்றன, வெள்ளைப்புள்ளி நோய் ஏதும் தலைகாட்டுகிறதா என்று தினமும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். பெரிய தொட்டிக்கு இரண்டு நிமிஷத்தில் தீர்கிற அளவுதான் தீனி, வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றம். ஸ்பாஞ்சைக் குழாயடியில் மட்டும் காட்டவே மாட்டேன், க்ளோரின் என் பாக்டீரியாச் செல்லங்களைக் கொன்றுவிடும்; வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுவேன்.

நீங்கள் ஆரம்பிக்கப் போகிறீர்களா? நல்ல பழைய தொட்டி வைத்திருக்கிறவர் வீட்டு வாசலில் ஒரு பாட்டிலோடு போய் நில்லுங்கள். அவர் ஃபில்டரைப் பிழிந்த அழுக்கு நீரைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் வாரக்கணக்குக் காத்திருப்பு பாதியாகக்கூடக் குறையலாம். யாரும் இல்லையென்றால் என் வீட்டுக்கு வாருங்கள், நானே பிழிந்து தருகிறேன்!