ஆற்றுதலின் மூன்று பொருள்: சிபில் கார்த்திகேசுவின் நினைவுநூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் இரயில் நிலையம் 1932ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, 2011ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாளோடு தன் பணியை முடித்துக்கொண்டது. துறைமுகத்தில் உழைத்த தமிழர்களின் வாழ்விடங்களுக்கு அண்மையில் அமைந்த இந்நிலையம், மலாயா இருப்புப்பாதையின் தென்முனையாக விளங்கியது. சப்பானியர் ஆட்சிக்காலத்தில் போர்க்கைதிகள் இங்கிருந்தே சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுச் சயாமுக்கு அனுப்பப்பட்டனர். 1943 ஏப்ரலில் புறப்பட்ட 'எஃப் படை' என்னும் பிரிவில் ஏறத்தாழ 7,000 பேர் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 3,100 பேர் மாண்டனர். வடக்கே செல்லும் அப்பாதையின் வழிநெடுகிலும் தோட்டத் தமிழர்கள் ஏற்றிச் செல்லப்பட்டனர்.

அப்பாதை ஈப்போவைக் கடந்து செல்கிறது. ஈப்போவுக்கு அண்மையிலுள்ள பாப்பான் என்னும் சிற்றூரில் மருத்துவத் தொண்டாற்றிய கத்தோலிக்கச் செவிலியர் ஒருவர், அதே 1943ஆம் ஆண்டில் கெம்பெய்தாய் என்னும் சப்பானிய இராணுவக் காவல் பிரிவினரால் கைது செய்யப்பட்டார். அவரே சிபில் கார்த்திகேசு. தாம் பட்ட வதையை அவர் எழுதி வைத்தார். சயாமுக்குச் சென்ற தமிழருள் பெரும்பாலோர்க்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. நம்பிக்கையும் தொண்டும் ஒருவரின் மனவடுவை ஆற்றக்கூடுமா என்னும் வினாவை இவ்வேறுபாட்டின் பின்னணியில் வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

நூலும் ஆசிரியரும்

சிபில் 1899ஆம் ஆண்டு சுமத்திராவின் மேடான் நகரில் யுரேசியக் குடும்பத்தில் பிறந்தவர். செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். தமிழரான மருத்துவர் கார்த்திகேசுவை 1919இல் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் புனித யோவான் ஆலயத்தில் மணந்தார். இருவரும் ஈப்போவில் மருத்துவமனை நடத்தினர். சப்பானியர் படையெடுப்பின்போது பாப்பானுக்கு இடம்பெயர்ந்தனர். அங்குத் தடைசெய்யப்பட்ட வானொலியைக் கேட்டதும், மலாயா மக்கள் சப்பானிய எதிர்ப்புப் படையின் வீரர்களுக்கு மறைவாக மருத்துவம் பார்த்ததும் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள்.

1945இல் பத்து காஜா சிறையிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டபோது நடக்க இயலாத நிலையில் இருந்தார். சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கு 1947இல் சியார்ச் பதக்கம் பெற்றார். 1948 சூன் 12ஆம் நாள், வதையின்போது தாடையில் ஏற்பட்ட காயத்தின் விளைவான நச்சுக் குருதியால் இறந்தார். அவருடைய உடல் 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்னும் அவருடைய ஆங்கில நினைவுநூல் 1954இல்தான் வெளிவந்தது. 'துளியும் இரக்கமில்லை' என்பது தலைப்பின் கருத்து.

பொறுத்தலும் செய்தலும்

தமிழில் 'ஆற்றுதல்' என்னும் சொல் பொறுத்தல், செய்தல், தணித்தல் ஆகிய மூன்று பொருளையும் தருகிறது. துன்பத்தைப் பொறுக்க இயலாதவர் 'ஆற்றாமை' உற்றவர். தொண்டு செய்பவர் 'பணியாற்றுகிறார்'. புண்ணையும் துயரையும் தணிப்பதும் ஆற்றுதலே. இந்நூலை மதிப்பிட இச்சொல் பொருத்தமான அளவுகோலாகும்.

முதலிரு பொருளும் சிபிலின் வாழ்வில் பிரிக்க இயலாதவாறு இணைந்துள்ளன. அவருடைய செபம் மருத்துவப் பணிக்கு வெளியே நிற்பதன்று. காயமுற்று வந்தவர் எக்கட்சியினர், எச்சமயத்தினர் என வினவாமல் மருந்திட்டதே அவருடைய நம்பிக்கையின் செயல்வடிவம். எதிர்ப்புப் படையினருள் பலர் பொதுவுடைமையர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். வதைக்கூடத்தில் அவர் காத்த மௌனமும் இப்பணியின் தொடர்ச்சியே. நோயாளியைக் காட்டிக்கொடுக்காமை அங்குச் சமய அறமாகவும் மருத்துவ அறமாகவும் அமைகிறது.

எனினும், நம்பிக்கை மட்டுமே அவரை எழுதச் செய்தது என்று கூறுவது முழு உண்மையாகாது. ஆங்கிலக் கல்வி, மருத்துவக் குடும்பம் என்னும் சமூகத் தகுதி, பிரிட்டனில் கிடைத்த சிகிச்சை, அரசின் அங்கீகாரம் ஆகியனவும் அவருடைய குரல் நூலாவதற்குத் துணைநின்றன.

நூலின் ஆறாத பகுதி

நூலின் மிகக் கடினமான இடம் அவருடைய இளைய மகள் தொடர்பானது. தாயைப் பேசவைப்பதற்காகச் சிறுமியை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டி அச்சுறுத்தினர். தாய் காத்த மௌனம் பலருடைய உயிரைக் காத்தது. அதே மௌனம் மகளை இடருக்குள் நிறுத்தியது. கத்தோலிக்க வாசகர் இங்குச் சிலுவையடியில் நிற்கும் வியாகுல மாதாவை நினைவுகூரலாம். ஆயின், வியாகுல மாதாவுக்கு மகனைக் காக்கும் தெரிவு கொடுக்கப்படவில்லை, சிபிலுக்குக் கொடுக்கப்பட்டது. அவ்வுவமை இவ்விடத்தில் முழுமையாகப் பொருந்தவில்லை என்பதே நம் கருத்து.

மேலும், இந்நூல் தாயின் சாட்சியம். மகளின் மனவடு அவளுக்கே உரியது. அதைத் தாயின் தியாகக் கதை சொல்லித் தீர்க்க இயலாது. மறைசாட்சி மரபில் எழுதப்படும் தன்வரலாறுகளுக்குப் பொதுவாக உள்ள வரம்பு இது. துன்பம் பொருளுடையதாக ஆக்கப்படும்போது, உடனிருந்து துன்புற்றவரின் தனிக்குரல் அப்பொருளுக்குள் அடங்கிவிடுகிறது. இதனைச் சுட்டுவது சிபிலின் துணிவைக் குறைத்து மதிப்பிடுவதாகாது.

சூடித் எர்மன் 1992இல் வெளியிட்ட மனவடு பற்றிய நூலில், மீட்சியின் மூன்று கட்டங்களாகப் பாதுகாப்பு உணர்வை நிலைநாட்டல், நினைவுகூர்ந்து துக்கித்தல், மக்களோடு மீண்டும் இணைதல் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறார். சிபிலின் உடல் முதற்கட்டத்தையே முழுமையாக எட்டவில்லை. நினைவுகூர்தல் நூலாக நிறைவேறியது. தம் மக்களிடையே திரும்பி வந்து பணியைத் தொடரும் வாய்ப்பை மரணம் தடுத்துவிட்டது. எனவே, நம்பிக்கையால் முழு நலம் பெற்றவர் என அவரைக் காட்டும் பக்திநோக்கு வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர் பொறுத்தார், பணி செய்தார். மூன்றாம் பொருளான தணிதல் அவருக்கு வாய்க்கவில்லை.

நூலில்லாதவர் துயர்

இனி, அதே இருப்புப்பாதையில் சென்ற தமிழர்களை நோக்குவோம். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அங்கு மாண்ட தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் இல்லை.

துயரை ஆற்றும் மரபு தோட்டத் தமிழரிடம் இல்லாமலில்லை. ஒப்பாரியும் கருமாதியும் திதியும் அதற்கென அமைந்தவை. ஆயின், அவற்றுக்கு உடலோ, இறந்த நாளோ, குறைந்தது இறப்புச் செய்தியோ வேண்டும். திரும்பி வராத கணவன் மாண்டானா, இருக்கிறானா என்று அறியாத பெண் எந்நாளில் திதி கொடுப்பாள்? அவளுடைய துயர் சடங்கின் வாயிலிலேயே நின்றுவிட்டது. சிபிலுக்குக் கிட்டிய சொல்லும் வடிவம் அவளுக்குக் கிட்டாமைக்குக் காரணம் நம்பிக்கைக் குறைவன்று. சாவைச் சாவென்று உறுதிசெய்யும் செய்தி அவளுக்கு மறுக்கப்பட்டதே.

அவ்விடத்தை மலேசியத் தமிழ் நாவல் பின்னர் நிரப்ப முனைந்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நூலாக 1993இல் வெளிவந்தபோது, பாதை இணைக்கப்பட்டு ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' 2005இல் வந்தது. இவற்றின் கலைநயம் பற்றிக் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். ஆனால், பெயரின்றி மாண்டோர்க்குக் காலம் தாழ்த்திச் செய்யப்பட்ட நீர்க்கடனாகவும் இவற்றை வாசித்தல் வேண்டும்.

முடிவுரை

சிபிலின் நினைவுநூல் கத்தோலிக்க நம்பிக்கையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. நம்பிக்கை அவர்பட்ட வதையை அழிக்கவில்லை. வதைக்குள்ளும் பிறர்க்குக் கடமைப்பட்டவராக அவரை நிலைநிறுத்தியது. அந்நூலைத் தனியே கற்பிக்கும்போது அது ஒரு வீராங்கனையின் வரலாறாகவே எஞ்சும். 'சயாம் மரண ரயில்', 'நினைவுச்சின்னம்' ஆகியவற்றோடு இணைத்துக் கற்பிக்கும்போது, சாட்சியம் சொல்லும் வாய்ப்பு யாருக்குக் கிட்டியது, யாருக்கு மறுக்கப்பட்டது என்னும் வினா மாணவர் முன் எழும். தஞ்சோங் பகாரில் இன்று பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக நிற்கும் நிலையத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர், அங்கிருந்து புறப்பட்ட கைதிகளோடு, வழியில் ஏற்றப்பட்ட தோட்டத் தமிழர்களையும் பாப்பானிலிருந்த அச்செவிலியரையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.