'பெரில்' என்னும் சொல்: வேரும் ஊரும்

முன்னுரை

ஆங்கிலத்தில் அருகி வழங்கும் 'பெரில்' என்னும் சொல் பெரிலியம் கலந்த ஒரு கனிமத்தைக் குறிக்கும். மரகதமும் கடல்நீர் நிறக் கல்லும் இதன் வகைகளே. காங்கயத்தை அடுத்த படியூரில் இக்கல் வெட்டியெடுக்கப்பட்டது. நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகள் இக்கல்லில் மணி செய்த தொழிலை வெளிப்படுத்தின. கல் கொங்கு நாட்டினது ஆதலின் சொல்லும் தமிழே என்னும் முடிவு இதிலிருந்து எளிதில் பிறக்கிறது. அம்முடிவு ஆய்வுக்குரியது.

சொல்லின் வழி

ஆங்கிலச் சொல் பிரெஞ்சு, இலத்தீன் வழியாகக் கிரேக்கப் 'பெரில்லோஸ்' என்பதைச் சென்றடைகிறது. அதன் மூலம் பிராகிருத 'வேருலிய'. பாலியில் 'வேளுரிய', வடமொழியில் 'வைடூர்ய'. அகராதியாளர் சிலர் இதனைத் தமிழின் 'வெளிறு', 'விளர்' என்பவற்றோடு உறவுபடுத்துவர். வேறு சிலர் வேலூர் என்னும் ஊர்ப்பெயரோடு இணைப்பர்.

பாலி வடிவின் ளகரத்தைத் திராவிடச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. உயிர்களுக்கிடையே வரும் டகரம் பாலியில் ளகரமாதல் இயல்பு. மேலும், 'வெளிறு' அடியாகப் பிறந்த மணிப்பெயர் எதனையும் இவ்விளக்கம் தருவோர் தமிழிலிருந்து எடுத்துக்காட்டுவதில்லை. தமிழில் வழங்கும் 'வைடூரியம்' வடமொழி வடிவத்தின் தற்பவமே.

எனினும் வடமொழி மூலமும் உறுதியானதன்று. பாணினி இச்சொல்லை விதூரம் என்னும் இடப்பெயரிலிருந்து வருவிக்கிறார். கல் தோன்றுமிடம் விதூரம் அன்று, வாலவாயம் என்னும் தடையைப் பதஞ்சலியே எழுப்பி விடைகாண முயல்கிறார். இலக்கண நூலாருக்கே ஐயம் எழுந்த இடத்தில், சொல் புறத்திலிருந்து வந்திருக்கலாம் என்னும் வாயில் திறந்தே உள்ளது.

பொருளின் மாற்றம்

இச்சொல் சென்ற இடந்தோறும் பொருள் மாறியுள்ளது. ஜெர்மன் மொழியில் இதன்வழிப் பிறந்த 'பிரில்லே' மூக்குக்கண்ணாடியைக் குறிக்கிறது. இன்றைய தமிழ் மணிவணிகத்தில் வைடூரியம் என்பது பூனைக்கண் கல்; அது கிரைசோபெரில் என்னும் வேறு கனிமம். ஆகவே அகழாய்வு அறிக்கையின் 'பெரில்' தமிழில் 'வைடூரியம்' எனப் பெயர்க்கப்படும்போது, கொடுமணலில் பூனைக்கண் மணிகள் செய்யப்பட்டன என்று படிப்போர் பிழைபட உணர்வர். சொல்லுறவு பொருளொருமைக்குச் சான்றாகாது.

முடிவுரை

பெரில் பெரும்பாலும் இந்தியாவிலேயே கிடைப்பதாகக் கி.பி. 1ஆம் நூற்றாண்டில் பிளினி எழுதினார். கொங்கு நாட்டின் பங்குக்குக் கொடுமணல் மண்ணே சான்று. அதற்குச் சொற்பிறப்பின் துணை தேவையில்லை. 'பெரில்' தமிழிலிருந்து பிறந்தது என்பது இயலக்கூடிய கருதுகோள், நிறுவப்பட்ட முடிவன்று. தொல்லியல் எழுத்தில் கனிமத்தைப் 'பெரில்' என்றே வழங்கி, 'வைடூரியம்' என்பதை இலக்கிய வழக்குக்கும் வணிக வழக்குக்கும் உரியதாக வரையறுத்தல் இக்குழப்பத்தைக் களையும்.