மதிலுக்கு அப்பால் ஒரு குரல்

வைக்கம் முஹம்மது பஷீரின் ‘மதிலுகள்’ அளவிற் சிறிய நாவல். ஆயினும் திரைக்குக் கொண்டுவருதற்கு மிக அரியது. 1940களில் திருவனந்தபுரம் மத்தியச் சிறையில் அரசியல் கைதியாயிருக்கும் பஷீர், மதிலுக்கு அப்பால் பெண்கள் சிறையிலுள்ள நாராயணியின் குரலைக் கேட்டுக் காதல் கொள்கிறார். இருவரும் சந்திக்கக் குறித்த நாளுக்கு முன்பே அவருக்கு விடுதலை வந்துவிடுகிறது. காட்சியையே மொழியாகக் கொண்ட கலை, காணாமையையே உயிராகக் கொண்ட இக்கதையை எவ்வாறு கையாளும்?

1990இல் வெளியான தம் படத்தில் அடூர் கோபாலகிருஷ்ணன் அளித்த விடை, காட்டாதிருத்தல் என்பதாகும். பஷீராக வரும் மம்மூட்டி மதிலை நோக்கியே பேசுகிறார். தான் வந்திருப்பதை உணர்த்த அவள் மேலே எறியும் சுள்ளி மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகிறது. 1989ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் ஆகிய இரு சிறப்புகள் இவர்களைச் சேர்ந்தன.

குர்துபாவின் பேரறிஞர் இப்னு ஹஸ்ம் (994–1064), ‘தவ்குல் ஹமாமா’ என்னும் நூலில், காணாமலே காதல் கொள்வோருக்கெனத் தனி அத்தியாயம் வகுத்துள்ளார். சுவருக்குப் பின்னிருந்து கேட்கும் குரலும் காதலுக்குக் காரணமாகலாம் என்கிறார். அத்தகைய காதல், நேரில் கண்டவுடன் ஒன்று உறுதிப்படும். அன்றேல் அடியோடு அழியும் என்பதும் அவர் கருத்து. பஷீரின் காதலர்க்கு அந்தச் சோதனை வாய்க்கவேயில்லை. நாராயணியின் முகத்தைத் திரை காட்டியிருப்பின், அவர் பெறாத காட்சியை நாம் பெற்றிருப்போம்; அவருடைய இழப்பில் நமக்குப் பங்கில்லாமற் போயிருக்கும்.

ஆயினும் ஒரு குறை உண்டு. நாராயணிக்குக் குரல் கொடுத்தவர் கே.பி.ஏ.சி. லலிதா. அக்குரலின் குறும்பும் ஏக்கமும் ஈடற்றவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கேரளத்தில் அக்குரலைக் கேட்ட மாத்திரத்தில் அறிந்த முகமொன்று மனத்தில் எழுந்துவிடும். எவரும் அறியாத குரலாயிருந்தால் மதில் பிளவின்றி நின்றிருக்கும்.

மம்மூட்டியின் நினைவுக் கட்டுரைகள் ‘மூன்றாம் பிறை’ என்னும் பெயரில் தமிழ் நூலாக வெளிவந்தது எங்கள் திருவண்ணாமலையிலிருந்துதான். அவ்வழியே இப்படத்தை நாடிவரும் வாசகர்கள், சுகுமாரனின் தமிழாக்கத்தில் ‘மதில்க’ளை முதலில் படிப்பது நலம். அப்போது நாராயணிக்கு அவரவர் மனம் ஒரு முகத்தைத் தந்துவிடும்; அதன்பின் எந்தக் குரலாலும் அதை மாற்ற இயலாது.