அகழி யாரைத் தடுத்தது?

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அகழி வீடுகளின் தடங்கள் கிடக்கின்றன. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடையில் வெட்டப்பட்டவை. கோட்டைகளல்ல, நிலக்கிழார்களும் வசதியான குடியானவர்களும் வாழ்ந்த வீடுகள். காவலுக்கா, கௌரவத்துக்கா என்பதே அவற்றைப் பற்றிய பழைய வழக்கு.

காவல் என்ற கட்சியை ஒரேயடியாகத் தள்ள முடியாது. படையை மறிக்காத நீர்ப்பள்ளமும் மாட்டுத் திருடனை மறிக்கும். களிமண் நிலத்தில் வடிகாலாகும், மீனும் வளரும். ஆனால் பல வீடுகளில் அகழிக்கு உள்ளே மதிலே இல்லை. சிலவற்றில் அகழி மூன்று பக்கத்தோடு நின்றுவிடுகிறது. நான்காம் பக்கத்தைத் திறந்துவிட்டவன் திருடனை மட்டும் நினைத்து மண் வெட்டியிருக்க மாட்டான்.

போருக்கென்றே வெட்டிய அகழியைப் பார்க்க வேண்டுமானால் இலங்கையின் யாப்பகூவவுக்குப் போகலாம். 13ஆம் நூற்றாண்டில் முதலாம் புவனேகபாகு பாறையடிவாரத்தை மதிலாலும் அகழியாலும் வளைத்தான். அப்படியிருந்தும் ஆரியச்சக்கரவர்த்தி தலைமையில் வந்த பாண்டியப் படை புத்தரின் புனித தந்தத்தைக் கொண்டுபோயிற்று. கண்டி இராச்சியத்துக்கோ மலையும் காடுமே அரண். 1679 வரை அங்கே கைதியாயிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ், கணவாய்களில் முள்வாசல்களும் காவலாட்களும் இருந்ததை எழுதியிருக்கிறார். அந்த முள்வாசல் நாட்டைக் காத்தது. அகழி வீடு ஒருவனை அவன் ஊராரிடமிருந்து ஒதுக்கிக் காட்டியது. ஆகவே என் தீர்ப்பு கௌரவத்தின் பக்கமே சாய்கிறது.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ராகலையில் வளர்ந்தவருக்கு இப்படி ஒதுக்கிக் காட்டுவது உடனே விளங்கும். மேட்டில் தோட்டத் துரையின் பங்களா, வளைந்தேறும் பாதை, கேட்டில் வாச்சர். கீழே தொழிலாளர் லயங்களில் பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பிராக்கள். கூப்பிடாமல் யாரும் மேலே போவதில்லை. தண்ணீர் இல்லாத அகழி அது என்று சொல்லத் தோன்றும், நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஒப்புமை பாதி வழியில் நின்றுவிடுகிறது. இங்கிலாந்தில் கிழாரைப் பார்த்து, சொந்த நிலமுள்ள குடியானவனும் தன் வீட்டைச் சுற்றி அகழி வெட்டிக்கொண்டான். அந்தஸ்து மேலிருந்து கீழே இறங்கியதற்கு அவன் கைப்பிடி மண் காரணம். அந்த ஊர்களின் சமூகத்தைப் பற்றி அகழிகள் தரும் பெரிய சான்று இதுதான். தோட்டத்தில் அப்படி ஒரு படி வைக்கப்படவேயில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த குடும்பத்துக்கு, இருக்கும் காம்பிராவுக்கே உறுதிப் பத்திரம் இல்லை. சொந்தக் காணித் துண்டுக்காக லயத்தில் பலர் இன்னும் கேட்டு நிற்கிறார்கள்.